சொன்னதைச் செய்கிறவர்: தேவனுடைய உண்மையைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி

இது மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளுக்கானது. ஞாயிறு பள்ளியில் சின்ன வகுப்பு எடுத்தபோதும், வீட்டில் என் பிள்ளைகளோடு குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்தபோதும் பலமுறை தடுமாறி, கடைசியில் கைக்கு வந்த வரிசை இது. வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலானவர்கள் ஒன்பதாவது படியில் ஆரம்பித்துவிட்டு, பிள்ளைக்குப் புரியவில்லையே என்று வருத்தப்படுகிறார்கள்.

## முன்னதாக எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு வேதாகமம். இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள். 25 பொத்தான்கள். உள்ளங்கையில் அடங்கும் தட்டையான கற்கள் சில, கல்லில் எழுதுகிற மார்க்கர் பேனா, கோடு போட்ட நோட்டு ஒன்று. வீட்டில் எதையும் வாயில் போடுகிற கைக்குழந்தை இருந்தால் பொத்தானுக்குப் பதிலாக விழுங்க முடியாத பெரிய பொருள் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பொருட்களைவிட முக்கியமானது நேரம். நாளுக்குப் பத்து நிமிஷம் போதும், ஆனால் தினமும் ஒரே நேரத்தில் வேண்டும். தூக்கம் சொக்குகிற கடைசி நிமிஷத்தை இதற்கு ஒதுக்காதீர்கள். கொட்டாவி விடுகிற பிள்ளைக்கு ஆபிரகாமும் ஒன்றுதான், சுவரும் ஒன்றுதான்.

## 1. முதலில் ‘உண்மை’ என்ற சொல்லைச் சரிசெய்யுங்கள்

தமிழ் வேதாகமத்தில் ‘கர்த்தர் உண்மையுள்ளவர்’ என்று வாசிக்கிறோம். பெரியவர்களுக்கு அது வாக்கு மாறாதவர், கைவிடாதவர் என்று விளங்கிவிடும். பிள்ளைக்கு விளங்காது. அதன் அகராதியில் உண்மை என்றால் பொய் சொல்லாமல் இருப்பது, அவ்வளவுதான். ‘ஜாடியை யார் உடைச்சது? உண்மையைச் சொல்லு’ என்று நாமே அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

ஒருமுறை வகுப்பில், “ஆண்டவர் உண்மையுள்ளவர்னா என்ன?” என்று கேட்டேன். ஐந்து வயதுப் பையன் எழுந்து, “அவர் மாட்டிக்கிட்டா ஒத்துக்குவார்” என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆனால் நான் நான்கு வாரமாகச் சொல்லிக்கொடுத்தது அவன் காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது.

அதனால் முதல் வாரம் முழுவதும் ஒரே ஒரு விளக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள்: ‘சொன்னதைச் செய்கிறவர்.’ வசனத்தை வாசிக்கும்போது உண்மை என்ற சொல் வந்தால் நிறுத்தி, “உண்மைன்னா?” என்று கேளுங்கள். பிள்ளை “சொன்னதைச் செய்வார்” என்று முடிக்கட்டும். ‘விசுவாசம்’ என்ற சொல்லை இந்த வாரம் உள்ளே கொண்டுவர வேண்டாம். விசுவாசம் நாம் அவர்மேல் வைப்பது. உண்மை அவரிடம் இருப்பது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால், ‘நான் நல்லா நம்பினாத்தான் அவர் செய்வார்’ என்று பிள்ளை புரிந்துகொள்ளும். அந்த முடிச்சை அவிழ்க்கப் பிறகு வருஷங்கள் ஆகும்.

## 2. உங்கள் வாக்கை எண்ணிப் பாருங்கள்

இந்தப் படியில் பிள்ளைக்கு வேலை இல்லை, நமக்குத்தான். ஒரு வாரம், பிள்ளையிடம் நீங்கள் சொல்லும் ‘செய்றேன்’, ‘வாங்கித் தர்றேன்’, ‘அப்புறம் விளையாடலாம்’ எல்லாவற்றையும் அந்த நோட்டில் குறித்து வாருங்கள். வார முடிவில் நிறைவேறியதற்கு மட்டும் டிக் போடுங்கள்.

நான் போட்ட முதல் வாரத்தில் இருபத்துச் சொச்சம் வரிகள், டிக் பாதிக்கும் குறைவு. பெரும்பாலானவை அழுகையை நிறுத்துவதற்காகச் சொன்னவை. ‘வாக்கு’ என்றால் என்ன என்பதைப் பிள்ளை முதலில் கற்பது நம் வாயிலிருந்துதான். நம் ‘செய்றேன்’ பாதி நேரம் காற்றோடு போகிறது என்றால், ‘தேவன் வாக்குப்பண்ணினார்’ என்பதும் அதற்கு அப்படித்தான் கேட்கும்.

இரண்டாவது வாரம் வாக்குகளைக் குறையுங்கள். கூட்டுவது அல்ல, குறைப்பதுதான் இங்கே வேலை. செய்ய முடியாததற்கு நேராக ‘முடியாது’ என்று சொல்லிவிடுங்கள். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்’ இயேசு சொல்லச் சொன்னது பெரியவர்களுக்கு மட்டும் அல்ல. சொன்னதைச் செய்யும்போது ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: “சாயங்காலம் கதை படிக்கிறேன்னு சொன்னேன்ல, வா.” பிள்ளை அந்த இரண்டையும் தானே முடிச்சுப்போட்டுக்கொள்ளும்.

தவறிவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். கேட்டுவிட்டு இதையும் சொல்லுங்கள்: “அப்பா சொன்னதை மறந்துட்டேன். ஆண்டவர் மறக்கிறதில்ல.” நம் தோல்வியே பாடமாகிற இடம் இது. ஆனால் இதையே சாக்காக வைத்துக்கொண்டு வாரம் மூன்றுமுறை மறக்கக் கூடாது!

## 3. வாக்குத்தத்தம் எது, நம் ஆசை எது என்று பிரித்து வையுங்கள்

கதை சொல்ல உட்காருவதற்கு முன் பெரியவர்கள் செய்துவைக்க வேண்டிய வீட்டுப்பாடம் இது. நான் பார்த்த தவறுகளில் மிகப் பெரியது இந்தப் படியைத் தாண்டிப் போவதுதான்.

நோட்டின் ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகள் போடுங்கள். இடப்பக்கம் தேவன் தம்முடைய பிள்ளைகளுக்குச் சொன்னவை: விட்டு விலகமாட்டார், கைவிடமாட்டார் (எபிரெயர் 13:5). பாவங்களை அறிக்கையிட்டால் மன்னிக்க உண்மையுள்ளவர் (1 யோவான் 1:9). இயேசு மறுபடியும் வருவார். வலப்பக்கம் நாம் விரும்புகிறவை: தாத்தாவின் காய்ச்சல் இன்றைக்கே இறங்க வேண்டும், விளையாட்டில் ஜெயிக்க வேண்டும், மழை நிற்க வேண்டும். வலப்பக்கத்தில் உள்ளதைக் கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். ஆனால் அவற்றை அவர் வாக்குப்பண்ணினதாகப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. அவர் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொல்லிவிட்டு, அது நடக்காதபோது பிள்ளையின் கண்ணில் பொய்யராக நிற்பது நாமல்ல, அவர்.

நோவாவின் வானவில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘இனி வெள்ளமே வராது’ என்று சொல்லிக்கொடுக்கிறோம். கொஞ்ச நாளில் பிள்ளை செய்தியில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்து கேட்கும். ஆதியாகமம் 9-ல் இருப்பது வேறு: மாம்சமெல்லாம் இனி ஜலப்பிரளயத்தினால் அழிக்கப்படாது, பூமியை அழிக்க இனி ஜலப்பிரளயம் வராது. ‘பூமி முழுசையும் இனி தண்ணியால அழிக்க மாட்டேன்’ என்றே சொல்லுங்கள். ஒரு சொல் கூடுகிறது, ஒரு பெரிய குழப்பம் குறைகிறது.

எரேமியா 29:11-ம் அப்படித்தான். ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று சுவரில் மாட்ட நன்றாக இருக்கும் வசனம். அதற்கு முந்தின வசனத்தில், பாபிலோன் சிறையிருப்பு முடிய 70 வருஷம் என்று இருப்பதைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

## 4. பகலும் இரவும்: மூன்று, நான்கு வயதுக்காரர்களுக்கு

இந்த வயதுக்கு நேற்று என்பதே மங்கல். போன வருஷம் என்று ஒன்றே கிடையாது. எனவே ஒரே நாளில் சொல்லி, ஒரே நாளில் நிறைவேறுவது எதுவோ அதில் தொடங்குங்கள். ஆதியாகமம் 8:22-ல் ‘பகலும் இரவும் ஒழிவதில்லை’ என்று இருக்கிறது.

இருட்டும்போது ஜன்னல் ஓரம் போய் நில்லுங்கள். “ராத்திரி வருது. காலையில் சூரியன் வரும்னு ஆண்டவர் சொல்லியிருக்கார். வருமா?” காலையில் பிள்ளையை அதே ஜன்னலுக்குத் தூக்கிப் போங்கள். “சொன்னார், செய்தார்.” அவ்வளவுதான் பாடம். பத்து நாள் இப்படிச் செய்தபின் புலம்பல் 3:23-ன் பின்பாதியை மட்டும் சேருங்கள்: ‘உமது உண்மை பெரிதாயிருக்கிறது.’ மேகமூட்டமான காலையில் பிள்ளை “சூரியன் வரல” என்று சொல்லும். அதுவும் நல்லதுதான். “வெளிச்சம் இருக்கே, எங்கிருந்து வருது?” என்று கேளுங்கள். தெரியாவிட்டாலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய வாசல் இந்த வயதில் இல்லை.

## 5. 25 பொத்தான்கள்: காத்திருப்பதைக் கையால் தொட்டுப் பார்க்க

ஐந்து வயதுக்கு மேல் இது. இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆபிரகாமின் கதையை ஒரே உட்காரலில் சொன்னால் இப்படி ஆகிவிடும்: தேவன் பிள்ளை தருவேன் என்றார், தந்தார். காத்திருப்பே இல்லை. காத்திருப்பு இல்லாமல் உண்மையுள்ளவர் என்பதற்கு எடையும் இல்லை. ஆரான் என்ற ஊரை விட்டுப் புறப்படும்போது அவனுக்கு 75 வயது (ஆதியாகமம் 12:4). ஈசாக்கு பிறந்தபோது 100 (21:5). நடுவில் 25 வருஷம். அந்த வருஷங்களைத்தான் பொத்தான்களாக்கப் போகிறோம்.

25 பொத்தான்களையும் முதல் பாட்டிலில் போடுங்கள். தொடங்கும் இரவில் 12-ஆம் அதிகாரத்தின் அழைப்பைச் சொல்லுங்கள்: உன்னைப் பெரிய ஜாதியாக்குவேன் என்றார், அவனுக்கோ ஒரு பிள்ளைகூட இல்லை. அதன்பின் ஒவ்வொரு நாளும் பிள்ளை ஒரே ஒரு பொத்தானை எடுத்து இரண்டாவது பாட்டிலில் போடட்டும். ஒரு பொத்தான், ஒரு வருஷம். போட்டதும் கேளுங்கள்: “பாப்பா பொறந்துச்சா?” “இல்ல.” “ஆண்டவர் மறந்துட்டாரா?” “இல்ல.” வேறு எதுவும் வேண்டாம். பல நாட்கள் இவ்வளவுதான் நடக்கும், அரை நிமிஷத்தில் முடிந்துவிடும். அந்த வெறுமை வேண்டும் என்றே வைத்தது. நீங்கள் அதை நிரப்பப் பார்க்காதீர்கள்.

சில பொத்தான்களுக்கு மட்டும் கதை உண்டு. 11-க்கு முன்னால் ஏதாவது ஒரு தெளிந்த இரவில் வெளியே கூட்டிப்போய் நட்சத்திரங்களை எண்ணச் சொல்லுங்கள் (15-ஆம் அதிகாரம்). 11-ஆம் பொத்தானில் ஆபிரகாமுக்கு 86 வயது. காத்திருக்க முடியாமல் ஆபிரகாமும் சாராளும் தாங்களே ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள், வீட்டில் சண்டை வருகிறது, இஸ்மவேல் பிறக்கிறான். சின்னவர்களுக்கு இவ்வளவு போதும். ஆனால் இஸ்மவேலின் தாயான ஆகாரை விட்டுவிடாதீர்கள். வனாந்தரத்தில் அவளையும் தேவன் கண்டார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கதையில் அவளும் அவள் பிள்ளையும் தவறின் அடையாளமாக மட்டும் நின்றுபோவார்கள்.

24-ஆம் பொத்தான், 99 வயது. ஆபிராம் என்ற பெயர் ஆபிரகாம் என்று மாறுகிறது, மூன்று பேர் கூடாரத்துக்கு வருகிறார்கள், சாராள் உள்ளுக்குள் சிரிக்கிறாள், பிறகு பயந்துபோய் ‘நான் நகைக்கவில்லை’ என்கிறாள். பிள்ளைகளுக்கு இந்த இடம் அப்படிப் பிடிக்கும். மாட்டிக்கொண்டவர்கள் சொல்வது அப்படியே இருக்கிறதே! அதற்கு முந்தின அதிகாரத்தில் ஆபிரகாமும் சிரித்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

25-ஆம் நாள் கடைசிப் பொத்தான். என் மகள் அன்றைக்கு அதைப் போடாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, “இதைப் போட்டா வந்துடுவானா?” என்று கேட்டுக்கொண்டே நின்றாள். பொத்தான் கண்ணாடியில் விழுந்த சத்தத்துக்கு இரண்டு பேரும் கை தட்டினோம். ஈசாக்கு என்ற பெயருக்கு நகைப்பு என்று அர்த்தம் என்பதை அப்போதுதான் சொன்னேன். மூன்று வாரம் கழித்து நான் ஏதோ ஒன்றைத் தள்ளிப்போட்டபோது, “இது எத்தனை பொத்தான்?” என்று கேட்டாள்.

இங்கே நடக்கும் தவறுகள் இரண்டு. பிள்ளை கெஞ்சுகிறது என்று ஒரே நாளில் ஐந்து பொத்தான் போட விடுவது ஒன்று. ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போட்டுச் சரிக்கட்டுவது இன்னொன்று. மறந்தால் மறந்ததுதான்; ஒருநாள் கூடட்டும். ஆபிரகாமுக்கு யாரும் வருஷத்தைக் குறைத்துக்கொடுக்கவில்லை.

## 6. கற்கள்: நம் வீட்டில் நடந்ததை எழுதி வைக்க

பிறர் கதைக்குப் பிறகுதான் நம் கதை. இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது, ஆற்றின் நடுவிலிருந்து 12 கற்களை எடுத்துவரத் தேவன் சொன்னார் (யோசுவா 4). காரணம் அங்கேயே இருக்கிறது: இந்தக் கற்கள் ஏதென்று பின்னாளில் பிள்ளைகள் கேட்பார்கள். ஆக, முதலில் கல், பிறகு கேள்வி, அதற்குப் பிறகுதான் பதில். நாம் தலைகீழாகச் செய்கிறோம், யாரும் கேட்காத பதிலை முதலில் கொட்டுகிறோம்.

ஒரு கல்லில் ஒரே ஒரு சொல்லும் தேதியும் எழுதுங்கள். ‘தங்கச்சி’, ‘வேலை’, ‘ஆஸ்பத்திரி’. பிள்ளையின் கைக்கும் கண்ணுக்கும் எட்டுகிற இடத்தில் வையுங்கள், பூட்டிவைக்கிற அலமாரியில் அல்ல. யாராவது வந்து, “இது என்ன கல்லு?” என்று கேட்டால் பிள்ளை சொல்லட்டும், தப்பாகச் சொன்னாலும் குறுக்கே பேசாதீர்கள். சாமுவேல் நிறுத்தின எபெனேசர் கல்லையும் இத்துடன் சேர்த்துச் சொல்லலாம்: ‘இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்.’ இம்மட்டும் என்றால் இதுவரைக்கும். நாளைக்கு என்ன என்று அந்தக் கல் ஒன்றும் சொல்வதில்லை, கவனியுங்கள்.

கேட்டது கிடைத்ததற்கு மட்டும் கல் வைத்தால் அது பரிசுக் கோப்பை அடுக்குவதுபோல ஆகிவிடும். கேட்டது கிடைக்காமல், ஆனால் அவர் கூட இருந்தார் என்று பிறகு தெரிந்த நாட்களுக்கும் ஒரு கல் வேண்டும். எங்கள் வீட்டில் எதுவும் எழுதாத கல் ஒன்றும் இருக்கிறது. அது இன்னும் காத்திருக்கிற ஒரு காரியத்துக்கானது.

## 7. கேட்டது கிடைக்காதபோது

இது வந்தே தீரும். தாத்தாவுக்காகத் தினமும் ஜெபித்த பிள்ளை, அவர் இறந்தபின் “இயேசப்பா ஏன் செய்யல?” என்று கேட்கும். மூன்றாவது படியைச் செய்திருந்தால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும்.

செய்ய வேண்டியது: உட்காருங்கள், பிள்ளையின் கண் மட்டத்துக்கு வாருங்கள். “எனக்குத் தெரியல. எனக்கும் வருத்தமா இருக்கு” என்று சொல்லுங்கள். பிறகு இடப்பக்கப் பத்தியில் இருந்து ஒன்றே ஒன்று: “விட்டுப் போகமாட்டேன்னு சொன்னார். இப்பவும் நம்ம கூட இருக்கார்.” நிறுத்திவிடுங்கள்.

சொல்லக் கூடாதவை: ‘நீ இன்னும் நல்லா ஜெபிச்சிருக்கணும்.’ ‘ஆண்டவருக்குத் தாத்தா தேவைப்பட்டார்.’ முதலாவது பிள்ளையின் தலையில் பழியை வைக்கிறது. இரண்டாவது, அடுத்து அம்மாவும் தேவைப்படுவாளோ என்று இரவில் பயப்பட வைக்கிறது. ‘தாத்தா தூங்குறார்’ என்பதும் வேண்டாம். தூங்கப் பயப்படும் பிள்ளைகள் உண்டு.

அழுகிற பிள்ளைக்கு 13-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைக் கொடுங்கள்: ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ வேதாகமத்திலேயே ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார், அதை யாரும் அழித்துவிடவில்லை என்பது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

## 8. பிள்ளை தவறும்போது

இந்தப் பாடம் உடைகிற இடம் ஒன்று உண்டென்றால் இதுதான். ஒரு பக்கம் கைவிடமாட்டார் என்கிறோம். மறுபக்கம், “இப்படிப் பண்ணினா இயேசப்பா உன்கிட்டப் பேசமாட்டார்” என்கிறோம். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்பதை வேறு பெயரில் சொல்கிறோம், அவ்வளவுதான். தண்டிக்க வேண்டுமென்றால் நீங்கள் தண்டியுங்கள், அவரைப் பூச்சாண்டியாக்காதீர்கள்.

சொல்ல வேண்டிய கதை பேதுருவுடையது. தம்மைத் தெரியாது என்று அவன் மறுதலிப்பான் எனத் தெரிந்தும், அதற்கு முன்னாலேயே அவனுக்காக இயேசு வேண்டிக்கொண்டார் (லூக்கா 22). ஏழு, எட்டு வயதுக்கு 2 தீமோத்தேயு 2:13-ன் முதல் பாதியையும் கொடுக்கலாம்: ‘நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார்.’ தவறுக்குரிய விளைவை அதற்காக எடுத்துவிட வேண்டாம். உடைத்ததைக் கூட்டி அள்ளட்டும், அடிபட்டவனிடம் மன்னிப்புக் கேட்கட்டும். கதை அதற்குப் பிறகு, கண்ணீர் காய்ந்தபின். அழும்போது சொல்லும் வசனம் அடியின் பகுதியாகவே பிள்ளைக்குப் பதியும்.

## 9. மனப்பாடம் கடைசியில்

வசனத்தில் தொடங்குவது சுலபம், அதனால்தான் எல்லோரும் அங்கே தொடங்குகிறார்கள். பிள்ளை கிளிபோல் ஒப்பிக்கும், நமக்கும் பெருமை. ஜன்னலும் பொத்தானும் கல்லும் கடந்தபின் அதே வசனத்தைக் கொடுத்துப் பாருங்கள், சொல்லும் முகமே வேறாக இருக்கும்.

மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஐந்து வயதுக்குள் என்றால் 136-ஆம் சங்கீதம் நல்லது. 26 வசனங்கள், ஒவ்வொன்றும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்று முடியும். நீங்கள் முதல் பாதியைச் சொல்லுங்கள், மறுபாதியைப் பிள்ளை சொல்லட்டும். பத்து வசனத்தில் சலித்துப்போனால் பத்தோடு விட்டுவிடுங்கள்.

பரிசு கொடுக்காதீர்கள். ஒரு வசனத்துக்கு ஒரு மிட்டாய் என்று ஆரம்பித்து, மிட்டாய் தீர்ந்த நாளில் வசனமும் தீர்ந்துபோனதை எங்கள் வீட்டிலேயே பார்த்தாயிற்று.

ஒரு சுற்று முடிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அடுத்த சுற்றில் அதே இரண்டு பாட்டில்களை எடுத்து, யோசேப்புக்கு 13 பொத்தான்கள் போடுங்கள்: 17 வயதில் கனவு, 30 வயதில் பார்வோனுக்கு முன் நின்றான். இந்த முறை “மறந்துட்டாரா?” என்று நீங்கள் கேட்க வேண்டாம், பிள்ளை உங்களைக் கேட்கட்டும்.